துரோகம், குடி, உடன்படிக்கை: மலாயாவின் அரசியலமைப்பு இயக்கமும் மலாய் அரசியற் சிந்தனையின் மாற்றமும்

முன்னுரை

மலாய் மொழியில் 'டெர்ஹாகா' என்றொரு சொல் உண்டு. அரசனுக்கு எதிராகச் செயற்படும் பெருங்குற்றத்தைக் குறிக்கும் இச்சொல், நாம் தமிழில் 'துரோகம்' என வழங்கும் வடசொல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது. 'வமிசம்' மலாயில் 'பங்சா' ஆயிற்று. 'சத்தியம்' மலாயில் 'செத்தியா' ஆகி, அரசனிடத்துக் கொள்ளும் மாறாப் பற்றைக் குறிக்கலாயிற்று. 'ராஜா' உருமாறாமலே நின்றது. அரபு மொழியிலிருந்து வந்த 'ரக்யாட்' என்னும் சொல் குடிமக்களைக் குறித்தது. அதன் மூலப்பொருள் மேய்ப்பனின் காவலில் உள்ள மந்தை என்பதாகும். மரபுவழி மலாய்ச் சமூகத்தின் அரசியற் சிந்தனை பெரும்பாலும் இச்சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது எனலாம்.

இச்சொற்களுள் எதுவும் இன்று வழக்கிறந்து போகவில்லை. ஆயினும், இவை யாரைக் கட்டுப்படுத்துகின்றன, இவற்றின்படி நடந்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் இரண்டும் மாறிவிட்டன. இம்மாற்றம் வெளிப்படையாக நிகழ்ந்த காலம் 1946 முதல் 1948 வரையிலான மூன்று ஆண்டுகள். மலாயன் யூனியனுக்கு எதிரான கிளர்ச்சியும், அதனைத் தொடர்ந்து எழுந்த மக்கள் அரசியலமைப்பு இயக்கமும் அம்மாற்றத்தின் இரு கூறுகள். இவ்விரண்டையும் அவற்றுக்கு முற்பட்ட மலாய் நூல்களோடு இணைத்து வாசித்து, ஓர் அரசியலமைப்பு இயக்கம் மரபுச் சமூகத்தின் சிந்தனையை எவ்வாறு மாற்றியமைக்கிறது என்பதைக் காண இக்கட்டுரை முற்படுகிறது. அவ்வியக்கத்தில் இந்தியர் வகித்த இடமும் இறுதியில் கருதப்படும்.

இருவேறு கருத்துகள்

இப்பொருள் குறித்து இரண்டு கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. முதலாவது, மலாய் மரபு முழுப் பணிவு ஒன்றையே அறிந்திருந்தது என்றும், அரசியலமைப்பு என்னும் எண்ணமே பிரிட்டிஷார் வழங்கிய கொடை என்றும் கூறுவது. நம் பள்ளிகளில் வரலாறு கற்பிக்கப்படும் முறையில் இக்கருத்து மறைமுகமாக இன்றும் உயிர்வாழ்கிறது. அங்கே அரசியலமைப்பு என்பது ஆணையங்கள், ஒப்பந்தங்கள், தேதிகள் ஆகியவற்றின் வரிசையாகவே மாணவரிடம் சென்று சேர்கிறது. இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. 'செஜாரா மெலாயு'வில் கூறப்படும் அரசன்–குடி உடன்படிக்கையே ஒரு முழுமையான சமூக ஒப்பந்தம் என்றும், பிற்கால அரசியலமைப்பு அதன் தொடர்ச்சி மட்டுமே என்றும் இக்கருத்தினர் உரைப்பர்.

ஆய்வுலகில் ஏ. சி. மில்னரின் பங்களிப்பு இவ்விவாதத்தை மேலும் நுட்பமாக்கியது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது முதல் நூல், 'கெராஜான்' என்னும் சொல்லை 'ராஜாவை உடையதாக இருக்கும் நிலை' என விளக்கியது. மக்கள் தம்மை ஒரு நிலப்பரப்பின் உறுப்பினராகவோ இனத்தின் உறுப்பினராகவோ உணர்வதற்கு முன், ஓர் அரசனுக்கு உரியவராக உணர்ந்தனர் என்பது அவர் காட்டிய உண்மை. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் அரசன், சமயச் சமூகம், இனம் ஆகிய மூன்றும் மக்களின் பற்றுக்காகப் போட்டியிட்டதை அவரது பிந்தைய நூல் ஆராய்ந்தது. 1945 முதல் 1950 வரையிலான காலத்தில் கெராஜான், பங்சா, குடியாட்சி ஆகிய கருத்துகளுக்கு இடையே நிகழ்ந்த மோதலை அரிஃபின் ஓமார் 1993இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார்.

இவ்விருவருக்கும் நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். எனினும், இவ்வாய்வுகள் எழுப்பும் முதன்மை வினா 'மக்களின் பற்று எதன்மீது?' என்பதாக உள்ளது. அரசியலமைப்பைப் பொறுத்தவரை அதனினும் அடிப்படையான வினா ஒன்று உண்டு. அரசன் தன் கடமையிலிருந்து தவறினால் பரிகாரம் யாரிடம் உள்ளது என்பதே அது. இவ்வினாவைக் கையிற்கொண்டு பழைய நூல்களை மீண்டும் வாசித்தால், முற்கூறிய இரு கருத்துகளும் பாதி உண்மைகளே என்பது புலப்படும்.

பாலெம்பாங் உடன்படிக்கை

'செஜாரா மெலாயு'வின் புகழ்பெற்ற பகுதி பாலெம்பாங்கில் நிகழ்கிறது. இந்நூலின் பழைய வடிவங்களுள் ஒன்று 1612ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அரசனாகிய ஸ்ரீ திரி புவனா, அந்நாட்டுத் தலைவன் டெமாங் லெபார் டாவுனின் மகளை மணம் கேட்கிறான். தலைவன் உடனே இசையவில்லை. ஓர் உறுதிமொழி வேண்டுகிறான். தன் வழித்தோன்றல்கள் எத்தகைய குற்றம் செய்தாலும் அவர்களை இழிசொல்லால் அவமதிக்கலாகாது. குற்றம் பெரிதாயின் சமயச் சட்டத்தின்படி மரண தண்டனையும் அளிக்கலாம், ஆனால் மானத்தைக் கெடுக்கலாகாது என்பதே அவன் வேண்டுகோள். அரசன் இசைந்து, தானும் ஒன்று கேட்கிறான். தன் வழித்தோன்றல்கள் கொடுமை செய்தாலும் குடிகள் ஒருபோதும் துரோகம் புரியலாகாது என்கிறான். இருவரும் உடன்படுகின்றனர்.

இவ்வுடன்படிக்கையில் நாம் மூன்று கூறுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அரச அதிகாரம் நிபந்தனையற்றது அன்று என்பதை மரபே ஒப்புக்கொள்கிறது. ஆகவே, முழுப் பணிவு என்னும் கருத்து இங்கேயே தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது, இருபக்க வாக்குறுதிகளும் சமமானவை அல்ல. அரசன் கொடுமை செய்யினும் குடி பொறுத்தாக வேண்டும்; அரசன் காக்க வேண்டியதோ குடியின் மானம் ஒன்றே. மூன்றாவது கூறே நம் வாதத்திற்கு முதன்மையானது. வாக்கு மீறப்பட்டால் தண்டிப்பவன் இறைவன். துரோகம் புரிந்த குடியின் வீடு தலைகீழாகும். குடியை அவமதித்த அரசனின் நாடு அழியும். இரண்டுக்கும் இடையில் மனிதரால் அமைந்த மன்றம் எதுவும் இல்லை.

நூலாசிரியர் இக்கோட்பாட்டைக் கூறி நிறுத்தவில்லை. அதனைக் கதைகளால் மெய்ப்பித்தும் காட்டுகிறார். சிங்கப்பூர அரசன், சங் ரஜுனா தாபா என்னும் அதிகாரியின் மகளைப் பலர் காண அவமதித்துக் கொல்விக்கிறான். தந்தை மஜாபாகிட் படைக்குக் கோட்டை வாயிலைத் திறந்துவிட, நகரம் அழிகிறது. அரசன் வாக்கு மீறினான், நாடு வீழ்ந்தது. துரோகம் புரிந்த தந்தையும் தப்பவில்லை, அவனும் அவன் மனைவியும் கல்லானதாக நூல் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் தவறிழைத்த பாண்டியனுக்கு அறமே கூற்றானதையும் மதுரை எரியுண்டதையும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அங்கும் தண்டனை உண்டு. அதனை வழங்கும் நிறுவனம் இல்லை.

மலாக்காவின் இறுதிக் காலக் கதை இதனினும் கூர்மையானது. பெண்டஹாரா துன் முத்தாஹிர், 'பஹிலி' என்னும் இந்திய நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தானின் வழித்தோன்றலாக இந்நூலில் காட்டப்படுபவர். 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்வதற்குச் சற்று முன், பொய்க்குற்றச்சாட்டின் பேரில் சுல்தான் மஹ்மூட் அவரைக் கொல்ல ஆணையிடுகிறான். அவருடைய சுற்றத்தார் எதிர்த்து நிற்க முற்படுகின்றனர். அவரோ, மலாய்க்காரர் துரோகம் புரிவதில்லை என்று கூறித் தடுத்துவிட்டு உயிர்விடுகிறார். நூலாசிரியர் அவரைப் போற்றுகிறார். அதேவேளை, அநீதி இழைத்த அரசு நிலைக்கவில்லை என்பதையும் வாசகர் உணரும்படி செய்கிறார். நீதி உண்டு, ஆனால் அது காலந்தாழ்த்தி வருகிறது. வரும்போது குற்றமற்றவரின் நகரத்தையும் சேர்த்தே அழிக்கிறது. பரிகாரத்தை மனிதர் கையில் தராத சிந்தனையின் வலிமையும் வறுமையும் இதுவே.

அப்துல்லாவும் ஜொகூரும்

இச்சிந்தனையை முதலில் அச்சில் கேள்விக்குள்ளாக்கியவர் முன்ஷி அப்துல்லா. யேமனிலிருந்து நாகூர் வந்த அரபு முன்னோரின் வழியிலும் தமிழ் வழியிலும் மலாக்காவில் பிறந்த இவர், இளமையில் தமிழ் கற்றவர். 1838இல் கிளந்தானுக்குச் சென்று வந்து எழுதிய பயண நூலில், கிழக்குக்கரை நாடுகளில் மண் வளமாக இருந்தும் மக்கள் வறியராக இருப்பதைக் கண்டு வருந்துகிறார். உழைத்து ஈட்டியதை அரசகுடும்பத்தார் எடுத்துக்கொள்வர் என்னும் அச்சமே மக்களின் முயற்சியை முடக்கியது என்பது அவர் முடிவு.

அப்துல்லாவின் கூற்றில் புதுமையும் எல்லையும் ஒருங்கே உள்ளன. பாலெம்பாங் உடன்படிக்கை காத்தது மானத்தை மட்டுமே. அப்துல்லா உடைமை, உயிர், உழைப்பின் பயன் ஆகியவற்றையும் அரசனின் கடமைக்குள் கொண்டு வருகிறார். ஆனால், பரிகாரம் பற்றிப் பேசும்போது அவரும் அரசர் இறைவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையே நினைவூட்டுகிறார். அதனோடு ஆங்கில ஆட்சியின் ஒழுங்கையும் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். குடிகள் தாமே செயற்பட வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இன்னும் உருப்பெறவில்லை. குடியேற்ற ஆட்சியாளரிடம் பணிபுரிந்தவர் என்பதால் அவரது கண்டனத்தைப் புறந்தள்ளுவோர் உளர். அக்கண்டனம் மரபின் சொற்களாலேயே ஆக்கப்பட்டது என்பதை அவர்கள் காணத் தவறுகின்றனர்.

அடுத்த படி, அரண்மனையிலிருந்தே வந்தது. 1895 ஏப்ரலில் ஜொகூர் சுல்தான் அபு பக்கார், 'உண்டாங்-உண்டாங் தூபோ கெராஜான் ஜொகூர்' என்னும் எழுதப்பட்ட அரசியலமைப்பை வெளியிட்டார். 'தூபோ' என்பது உடல். ஆகவே இது அரசின் உடற்சட்டம். அரசன் ஒருவனின் உடலே அரசு என்னும் நிலை மாறி, அரசுக்கெனத் தனியோர் உடல் உண்டு என்பது இச்சொல்லாட்சியில் தொனிக்கிறது. அரசர் நாட்டின் எப்பகுதியையும் அயல்நாட்டு அரசுக்குக் கையளிக்கலாகாது என்னும் விதியும் இதில் இடம்பெற்றது. 1874ஆம் ஆண்டுப் பாங்கோர் ஒப்பந்தத்தின் வழியே பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் நுழைந்ததைக் கண்ட ஓர் அரசர், தம் நாட்டின் தனித்தன்மையைக் காக்க எழுப்பிய சுவர் இது. குடிகளுக்கு இதில் பங்கு இல்லை. ஆயினும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் குடிகள் இதனை எடுத்துப் பயன்படுத்தப் போவதை இதை இயற்றியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1946: சொல் திரும்பிய ஆண்டு

1945 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசின் தூதராக வந்த சர் ஹெரால்ட் மெக்மைக்கேல், ஆண்டு முடிவதற்குள் ஒன்பது ஆட்சியாளரிடமும் ஒப்பந்தக் கையெழுத்துப் பெற்றார். இறையாண்மை பிரிட்டிஷ் முடிக்குச் சென்றது. மலாயன் யூனியன் 1946 ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்கப்படும் என்றும், பிறப்பிட உரிமையின்படி எல்லா இனத்தவர்க்கும் குடியுரிமை வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. முதலில் கையெழுத்திட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். 1895இல் அரசியலமைப்பை வழங்கியவரின் மகன்.

மரபின் விதிப்படி குடிகள் அமைதி காத்திருக்க வேண்டும். மாறாக, 1946 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் கூடிய மலாய்க்காரர்கள் சுல்தானுக்கு எதிராகவே வெளிப்படையாகக் குரல் எழுப்பினர். அவர் இட்ட கையெழுத்து 1895ஆம் ஆண்டு அரசியலமைப்பை மீறியது என்பது அவர்கள் வாதம். மலாய் அரசியற் சிந்தனையின் திருப்புமுனை இங்கேதான் உள்ளது என நாம் கருதுகிறோம். துரோகக் குற்றச்சாட்டு அதுவரை மேலிருந்து கீழ்நோக்கியே சென்றது. இப்பொழுது அது முதன்முறையாகப் பொதுமன்றத்தில் கீழிருந்து மேல்நோக்கி எழுந்தது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது சமய நூலோ பழங்கதையோ அன்று; எழுதி வெளியிடப்பட்ட ஒரு சட்டம். பரிகாரத்திற்காக இறைவனை நோக்கி மட்டும் காத்திராமல், குடிகள் தாமே சட்டத்தைச் சுட்டி நின்றனர்.

1946 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் மன்றத்தில் மலாய்ச் சங்கங்கள் கூடின. மே 11இல் ஜொகூர் பாருவில் அம்னோ முறையாகத் தொடங்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில், ஏப்ரல் முதல் நாளில் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. ஆளுநர் எட்வர்ட் ஜெண்ட் பதவியேற்கும் விழாவுக்கென ஆட்சியாளர்கள் கோலாலம்பூர் வந்து ஸ்டேஷன் ஹோட்டலில் தங்கியிருந்தனர். டத்தோ ஓன் ஜாஃபார் தலைமையில் மலாய்த் தலைவர்கள், விழாவிற்குச் செல்லலாகாது என அவர்களை வற்புறுத்தினர். ஹோட்டலின் வெளியே மக்கள் திரண்டிருந்தனர். ஆட்சியாளர்கள் விழாவுக்குச் செல்லவில்லை. மலாய் ஆடவர் ஒரு வாரம் சொங்கோக்கில் வெண்துணி கட்டித் துக்கம் கடைப்பிடித்தனர். வீட்டு வாயிலைத் தாண்டிப் பொது அரசியலுக்கு வந்திராத பெண்களும் ஊர்வலங்களில் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்.

இந்நிகழ்வினை அரச பக்தியின் எழுச்சி எனச் சிலர் வாசிப்பர். அவ்வாசிப்பு முற்றிலும் தவறன்று. அரசர்களின் இறையாண்மையை மீட்பதே கிளர்ச்சியின் நோக்கம். ஆனால், அதனை மீட்டவர்கள் அரசருக்கு ஆணையிட்ட குடிகள். அரச பதவியைக் காப்பதற்காக அரசரையே தடுத்து நிறுத்தலாம் என்னும்பொழுது, பதவியும் அதனை வகிக்கும் ஆளும் வேறு வேறு எனச் சிந்தனை பிரிந்துவிட்டது. துன் முத்தாஹிர் தம் சுற்றத்தாரைத் தடுத்த மரபிலிருந்து இது வெகுதொலைவு. அதேவேளை இது மரபைத் துறந்ததும் அன்று. பாலெம்பாங் உடன்படிக்கையின் ஒரு தரப்பினர், தம் பெயராலேயே பேசக் கற்றுக்கொண்ட தருணம் இது. அவர்கள் பேசிய பெயர் 'பங்சா'. அரச வமிசத்தைக் குறித்த சொல், இப்போது மக்கள் திரள் முழுவதையும் ஒரே வமிசமாக்கியது.

1947: 'மெலாயு' என்பவர் யார்?

பிரிட்டிஷார் பின்வாங்கி, ஆட்சியாளர்களோடும் அம்னோவோடும் பேச்சு நடத்தினர். இப்பேச்சில் இடம்பெறாதோர் 1946 டிசம்பரில் கூட்டு நடவடிக்கை மன்றம் ஒன்றை அமைத்தனர். பின்னாளில் ஏ.எம்.சி.ஜே.ஏ. எனப் பெயர் பெற்ற அதற்குத் தலைமையேற்றவர் டான் செங் லோக். மலாய்த் தேசியவாதிகளும் அவர்களைச் சார்ந்த இளைஞர், பெண்கள் அமைப்புகளும் 1947 பிப்ரவரியில் 'புத்ரா' என்னும் கூட்டணியாக இணைந்தனர். இவ்விரண்டும் சேர்ந்து உருவாக்கிய திட்டமே 1947 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட மக்கள் அரசியலமைப்பு. மலாயில் அதன் பெயர் 'பெர்லெம்பாகான் ரக்யாட்'. மந்தை என்னும் பொருளில் பிறந்த சொல், சட்டம் இயற்றுவோரின் பெயராக நின்றது இங்கேதான்.

அதன் கோரிக்கைகள் தெளிவானவை. சிங்கப்பூரையும் உள்ளடக்கிய ஒன்றுபட்ட மலாயா, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றம், மலாயாவைத் தம் நிரந்தர இல்லமாகவும் பிளவுபடாத பற்றுக்கு உரியதாகவும் கொண்ட அனைவர்க்கும் சம அரசியல் உரிமை, மக்களாட்சி அமைப்புகளின் ஆலோசனைப்படி நடக்கும் அரசியலமைப்பு மன்னர்களாகச் சுல்தான்கள், மலாய்மொழி ஆட்சிமொழி, இசுலாமும் மலாய் வழக்கங்களும் மலாய்க்காரர் பொறுப்பில். இவற்றோடு, குடியுரிமை பெற்ற அனைவரின் தேசியப் பெயரும் 'மெலாயு' என இருக்கும் என்பது மிகத் துணிவான விதி.

இவ்விதியின் கருத்தாழம் போதிய அளவு உணரப்படவில்லை என்பது நம் கருத்து. 1946இல் பங்சா அரசனின் இடத்தை ஏற்றது; 1947இல் அந்தப் பங்சாவையே வமிசத்திலிருந்து விடுவிக்க ஒரு முயற்சி நடந்தது. ஒருவர் பிறப்பால் மட்டுமன்றி உடன்பாட்டினாலும் மெலாயு ஆகலாம் என்றது இவ்வியக்கம். இதன் கோட்பாட்டு விளக்கத்தைப் புர்ஹானுடின் அல்-ஹெல்மி, 1954இல் வெளியிட்ட மலாய்த் தேசியத் தத்துவம் பற்றிய நூலில் வளர்த்தெடுத்தார். தேசியத்தைக் குருதியிலிருந்து பிரித்துக் காணும் அவரது வாதம், இன்று வாசிப்போர்க்கும் வியப்பளிக்கக் கூடியது.

அம்முயற்சி வெல்லவில்லை. 1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தும் பிரிட்டிஷ் அரசு அசையவில்லை. 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு பிறந்தது. ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் வெளிப்படையான இடதுசாரி அரசியலுக்கு இடமில்லாது போயிற்று. கூட்டரசு ஒப்பந்தத்தில் 'மலாய்க்காரர்' என்பது மொழி, சமயம், வழக்கம் ஆகிய மூன்றாலும் வரையறுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 160ஆம் விதியும் அதனையே பின்பற்றியது. இவ்வரையறையும் நேர்ப்பொருளில் குருதியைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால், அது குடியுரிமையின் பெயராக இராமல், குடிகளுள் ஒரு பிரிவினரின் பெயராக அமைந்தது.

வென்றவர்களும் மாறாமல் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி ஒவ்வோர் ஆட்சியாளரும் தத்தம் மாநிலத்திற்கு எழுதப்பட்ட அரசியலமைப்பை வழங்க வேண்டியதாயிற்று. ஜொகூர் 1895இலும் திரங்கானு 1911இலும் விரும்பிச் செய்தது, இப்போது அனைவர்க்கும் கடமையாயிற்று. மக்கள் அரசியலமைப்பு தோற்றது. அரசியலமைப்பு மன்னர் என்னும் அதன் எண்ணம் தோற்றவர்களிடமிருந்து வென்றவர்களிடம் சென்று சேர்ந்தது.

நம் தயக்கம்

இவ்விடத்தில் நம் சமூகத்தைப் பற்றியும் ஒளிவின்றிப் பேச வேண்டும். 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ், ஏ.எம்.சி.ஜே.ஏ.வில் அங்கம் வகித்துக் கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்தது. இது பெருமைக்குரிய வரலாறே. ஆனால், 'பிளவுபடாத பற்று' என்னும் நிபந்தனை நம்மவர்க்கு எளிதாக இருக்கவில்லை. அக்கட்சியின் முதல் தலைவர் ஜோன் திவி, 1947இல் மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார் என்னும் ஒரு செய்தியே அக்காலத்தின் இருமனத்தைக் காட்டப் போதுமானது. இந்தியாவின் விடுதலை அண்மித்த நாளில் அங்கே மனம் சென்றதில் வியப்பில்லை. ஆயினும், மலாய்த் தேசியவாதிகளுள் ஒரு சாரார் தம் பெயரையே நம்மோடு பகிர்ந்துகொள்ள முன்வந்த வேளையில், அதற்கு நாம் என்ன விடை தந்தோம் என்பது கேட்கப்பட வேண்டிய வினா.

தயக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம்மவரும் ஒரு மரபுச் சமூகமே. துரை, கிராணி, கங்காணி என்னும் படிநிலையில், முறையீடு என்பது மேலே உள்ளவரின் கருணையை வேண்டுவதாகவே இருந்தது. அக்காலத் தமிழில் குடியுரிமைக்கு வழங்கிய சொல் 'பிரஜா உரிமை'. பிரஜை என்பதன் மூலப்பொருள் மகவு; ஆள்வோர் தந்தை, ஆளப்படுவோர் பிள்ளைகள். மலாய்க்காரர் தம் சொற்களோடு போராடிய அதே ஆண்டுகளில், நாம் நம் சொற்களோடு போராடத் தொடங்கியிருந்தோமா என்பது ஐயமே. 'குடி' என்னும் சொல்லும் அரசுக்கு உட்பட்ட மக்களைக் குறித்ததுதான். பின்னர் அது 'அரசு' என்னும் சொல்லோடு சேர்ந்து 'குடியரசு' ஆனபோது உறவு தலைகீழாயிற்று. சொல்லின் இவ்வரலாற்றை நம் மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், அரசியற் சிந்தனையின் வரலாற்றையே விளக்குகிறார்.

முடிவுரை

அரசியலமைப்பு இயக்கம் மரபுச் சமூகத்தில் புதிய சொற்களைக் கொண்டுவந்து பழையவற்றை அகற்றுகிறது என்னும் பொதுக்கருத்தை மலாயாவின் அனுபவம் ஏற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தையும் மலேசியர் இன்று 'கெராஜான்' என்றே அழைக்கின்றனர். மாறியது பரிகாரத்தின் இடம். பாலெம்பாங்கில் அது இறைவனிடம் இருந்தது, ஜொகூரில் 1946இல் அது சட்டத்தைச் சுட்டும் மக்களின் குரலாயிற்று, 1957இல் நிறுவனமாயிற்று. 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆட்சியாளர்களின் சட்ட விலக்கு நீக்கப்பட்டு, அவர்கள்மீதான வழக்குகளுக்கெனச் சிறப்பு நீதிமன்றம் ஏற்படுத்தப்பட்டபோது, டெமாங் லெபார் டாவுன் கேட்காமல் விட்ட மன்றம் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுத்தில் வந்தது எனலாம்.

ஆனால், பயணம் முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. அரசன் தவறினால் பரிகாரம் யாரிடம் என்னும் வினாவுக்கு விடை கிடைத்தது. உடன்படிக்கையின் மறுதரப்பினராகிய 'குடி' யார், அக்குடிக்குள் ஒருவர் மற்றவர்க்குச் செய்துகொண்ட வாக்கு என்ன என்னும் வினா 1947இல் எழுப்பப்பட்டு, 1948இல் ஒத்திவைக்கப்பட்டது. 'சமூக ஒப்பந்தம்' என்னும் தொடர் இந்நாட்டு அரசியல் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. அரசியலமைப்பின் வாசகத்தில் அது எங்கும் இல்லை. எழுதப்படாத ஒப்பந்தத்தை அவரவர் விருப்பம்போல் வாசிக்க முடியும் என்பதற்கு 'செஜாரா மெலாயு'வே சான்று.

ஆகவே, தமிழ் வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிப்போர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. அரசியலமைப்பை யாரோ அளித்த கொடையாகக் கற்கும் மாணவர், தம் உரிமையைச் சலுகையாகவே எண்ணுவர். வாதிட்டும் கூடியும் தோற்றும் மனிதர் ஆக்கிய உடன்படிக்கையாக அதனைக் கற்போர், தாமும் அதில் ஒரு தரப்பினர் என்பதை உணர்வர். துரோகம், வமிசம், சத்தியம் என்னும் சொற்களை மலாய்க்காரரோடு நெடுங்காலமாகப் பகிர்ந்து வந்துள்ளோம். உடன்படிக்கை என்னும் சொல்லையும் அவ்வாறே பகிர்ந்துகொள்வது நம் தலைமுறையின் கடமையாகும்.